பித்தப்பைக் கல்: சாறு குடித்துக் காத்திருப்பதா, பையை எடுத்துவிடுவதா?

மண்டபம் பகுதியிலிருந்து ஓர் இளைஞர் தம் தாயாரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். தாயாருக்கு 47 வயது. தீவுப் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகிறவர். கல்யாண விருந்து சாப்பிட்ட ஒரு நாள் இரவில் நெஞ்சுக்குழிக்குக் கீழே கடுமையான வலி தொடங்கி, வலது தோள்பட்டை வரை பரவி, இரண்டு மூன்று மணி நேரத்தில் தணிந்தது. சில வாரங்கள் கழித்து அதே வலி மறுபடியும் வந்தது. ஸ்கேனில் பித்தப்பையில் பல கற்கள் தெரிந்தன; பெரியது 12 மி.மீ. பையின் சுவர் தடிக்கவில்லை, பித்தக்குழாய் விரியவில்லை, காமாலையும் இல்லை. அறுவை மருத்துவர் பையை எடுத்துவிடலாம் என்கிறார். உறவினர்களோ, சித்தப்பாவுக்கு வாழைத்தண்டுச் சாற்றிலும் சிறுபீளைக் கஷாயத்திலும் சிறுநீரகக் கல் வெளியேறியதைக் காட்டி, ஒரு மண்டலம் பச்சிலைச் சாறு குடித்தால் இதுவும் கரைந்து போகும் என்கிறார்கள். சிறுநீரகத்துக்காக எடுத்த அதே ஸ்கேனில் சித்தப்பாவின் பித்தப்பையிலும் ஒரு கல் தெரிந்திருக்கிறது. ஆனால் அவருக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. இருவரும் என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி.

என் பதில் இது. தாயாருக்கு அறுவை சிகிச்சைதான் சரி. இன்றிரவே ஓட வேண்டியதில்லை, ஆனால் மண்டலக் கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. சித்தப்பாவுக்கு எதுவுமே வேண்டாம். கத்தியும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம். ஒரே வீட்டில் இருவருக்கும் கல் இருக்க, பதில் மட்டும் வேறாக இருப்பது ஏன் என்பதை விளங்கிக்கொண்டால் உறவினர்களுக்குச் சொல்லவும் எளிதாக இருக்கும். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்பதைக் கொண்டு இதை முடிவு செய்வதில்லை. அந்தக் கல் தொந்தரவு கொடுக்கத் தொடங்கிவிட்டதா என்பதைக் கொண்டே முடிவு செய்கிறோம்.

முதலில் சித்தப்பாவின் சிறுநீரகக் கல். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை ஒரு குழாய் நேராக இறங்குகிறது, அதில் சிறுநீர் ஓயாமல் ஓடுகிறது. 5 மி.மீ.க்கும் குறைந்த கற்களில் பெரும்பாலானவை, நிறைய நீர் குடித்தால் தாமாகவே அந்தக் குழாய் வழியே வந்து விழுந்துவிடும். வாழைத்தண்டுச் சாறு குடித்தவர் கூடவே நிறையத் தண்ணீரும் குடித்திருப்பார். சாற்றின் பங்கு எவ்வளவு, நீரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை, நல்லது நடந்தது. ஆனால் குடித்த நீரோ சாறோ பித்தப்பைக்குள் போவதில்லை. கல்லீரல் சுரக்கும் பித்தநீர்தான் அங்கே சேர்கிறது. சிறுநீரகக் கல்லும் பித்தக் கல்லும் உருவாகும் இடம் வேறு, பொருள் வேறு, வெளியேறும் வழி வேறு. நெருஞ்சில், சிறுபீளை, வாழைத்தண்டு ஆகியவற்றைச் சித்த மருத்துவம் சொல்வதும் சிறுநீர்ப் பாதையின் கல்லடைப்புக்குத்தான்.

இதே காரணத்தால், ‘எங்கள் ஊர் உப்புத் தண்ணீர்தான் கல்லுக்குக் காரணம்’ என்று கடலாடி முதல் தொண்டி வரை எல்லோரும் சொல்லும் பேச்சும் பித்தக் கல்லுக்குப் பொருந்தாது. காவிரிக் கூட்டுக் குடிநீரையே குடித்து வளர்ந்தவருக்கும் இது வரும். பித்தநீரில் கொலஸ்டிரால் கரையும் அளவை மீறினாலோ, பிலிருபின் என்னும் நிறமி அதிகமானாலோ, பை சரியாகச் சுருங்காமல் பித்தநீர் தேங்கினாலோ கல் படிகிறது. மேலை நாடுகளில் பெரும்பாலும் கொலஸ்டிரால் கற்கள். தென்னிந்தியாவில், வட இந்தியாவோடு ஒப்பிட்டால், நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கூடுதலாகக் காணப்படுகின்றன. இந்த வேறுபாடு பின்னால் மாத்திரையைப் பற்றிப் பேசும்போது முக்கியமாகும். பெண்களுக்கும், பல பிள்ளைகள் பெற்றவர்களுக்கும், நாற்பதைக் கடந்தவர்களுக்கும், உடல் பருமன், நீரிழிவு உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும், பட்டினி கிடந்து திடீரென்று எடையைக் குறைத்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம்.

இப்போது வலியைப் பற்றி. பித்தப்பை கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பை; சுமார் 30 முதல் 50 மில்லி கொள்ளும். கொழுப்புள்ள உணவு சிறுகுடலுக்கு வந்ததும் அது சுருங்கிப் பித்தநீரை வெளியே தள்ளுகிறது. அப்போது உள்ளே கிடக்கும் கல் பையின் கழுத்தில் வந்து அடைத்துக்கொண்டால், பை தன் பலம் முழுவதையும் சேர்த்து அதன்மேல் அழுத்துகிறது. அதுதான் விருந்துக்குப் பின் வந்த வலி. சிறிது நேரத்தில் பை தளரும், கல் பின்னுக்கு உருளும், வலி நின்றுவிடும். இதில் மருந்து எதுவும் வேலை செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் தானாகவே தணிவது இந்த வலியின் இயல்பு. ஆகவே அந்த நேரத்தில் ஓமத் தண்ணீர் குடித்தவர் ஓமத்தையும், சோடா குடித்தவர் சோடாவையும், மந்திரித்துக்கொண்டவர் மந்திரத்தையும் நம்புவார். அடுத்த வலி வர மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் ஒரு மண்டலம் சாறு குடித்திருந்தால், ‘சாறு குடித்ததிலிருந்து வலியே இல்லை’ என்பதும் பொய்யாகாது. ஆனால் மறு ஸ்கேன் எடுத்தால் கல் அங்கேயேதான் இருக்கும். பச்சிலை கொடுப்பவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் தாம் கண்டதைத்தான் சொல்கிறார், ஆனால் அவர் கண்டது வலி நின்றதை, கல் கரைந்ததை அல்ல. கரைந்தது என்று யார் சொன்னாலும், முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் அறிக்கை இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிரசவத்துக்குப் பின்னும், நீண்ட பட்டினிக்குப் பின்னும், பித்தப்பையில் கல்லாகாத குழம்பான படிவு ஸ்கேனில் தெரியும். காரணம் நீங்கியதும் அது பலருக்குத் தானே மறைந்துவிடும். ‘கரைந்துவிட்டது’ என்று ஊரில் சொல்லப்படும் கதைகளில் சில இப்படிப்பட்டவையாக இருக்கலாம். உங்கள் தாயாருக்கு இருப்பது அது அல்ல.

கரைக்காவிட்டாலும் வெளியே தள்ளிவிடாதா என்று கேட்பீர்கள். உண்மையில், நாம் அஞ்ச வேண்டியது அதைத்தான். பித்தப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் சில மி.மீ. அகலமே உள்ளது, உட்புறம் திருகு போன்ற மடிப்புகளும் கொண்டது. அதைக் கடக்கும் சிறு கல் பொதுப் பித்தக்குழாயில் விழும். அந்தக் குழாய் சிறுகுடலில் திறக்கும் வாயிலேயே கணையத்தின் குழாயும் வந்து சேர்கிறது. கல் அங்கே மாட்டினால் ஒரு பக்கம் அடைப்புக் காமாலை, மறுபக்கம் கணைய அழற்சி. திடீர்க் கணைய அழற்சிக்கு மதுவும் பித்தக் கல்லுமே இரு பெரும் காரணங்கள். அது தீவிரமானால் உயிரைப் பறிக்கக்கூடியது. சிறுநீரகக் கல் சிறியதாக இருந்தால் நிம்மதி என்கிறோம். வலி கண்டவரின் பித்தக் கல் சிறியதாக இருந்தால் கவலை கூடுகிறது. பெரிய கல் பைக்குள்ளேயே கிடக்க, சிறு கல்தான் குழாய்க்குள் நழுவுகிறது. ‘பெரியது 12 மி.மீ.’ என்ற அறிக்கையில் மற்றவை அதைவிடச் சிறியவை என்ற செய்தியும் அடங்கியிருக்கிறது.

ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் ஜூஸ், எப்சம் உப்பு ஆகியவற்றை ஒரே இரவில் குடித்துக் கல்லை வெளியேற்றும் முறை ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம் பக்கத்தில் சிலர் ஆலிவுக்குப் பதில் நல்லெண்ணெய் சேர்க்கிறார்கள். மறுநாள் மலத்தில் பச்சை நிறத்தில் மெழுகு போன்ற உருண்டைகள் வரும், படம் பிடித்தும் அனுப்புவார்கள். நியூசிலாந்தில் ஒரு பெண்மணி இப்படிச் செய்து வெளிவந்த உருண்டைகளை மருத்துவர்களிடம் கொண்டு போக, அவர்கள் ஆய்வகத்தில் சோதித்து 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். 40 டிகிரி சூட்டில் அவை உருகி எண்ணெயாகிவிட்டன. கொலஸ்டிராலும் இல்லை, பிலிருபினும் இல்லை, சுண்ணாம்புச் சத்தும் இல்லை. குடித்த எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் வயிற்றுக்குள் சேர்ந்து உண்டாக்கிய சவர்க்காரம்தான் அது. அவருடைய கற்கள் பின்னர் அறுவை மூலமே அகற்றப்பட்டன. அவ்வளவு எண்ணெயை ஒரே மூச்சில் குடிப்பது, கல்யாண விருந்து தாயாருக்குச் செய்ததையே மறுபடியும் வேண்டுமென்று செய்வதாகும்.

மஞ்சளைப் பற்றியும் ஒரு சொல். குழம்பில் போடும் மஞ்சளால் ஒன்றும் ஆகாது. ஆனால் மஞ்சளிலுள்ள குர்குமின் பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது. கல் இருப்பவர் அதைச் செறிவான மாத்திரையாக விழுங்குவது நல்லதல்ல.

கீழாநெல்லியை நான் தனியாகக் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் மிகுந்த தாமதத்துக்கு அதுவே காரணமாகிறது. காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பும் புளியும் நிறுத்திப் பத்தியம் வைப்பது வழக்கம். கிருமியால் வரும் கல்லீரல் காமாலையில் பெரும்பாலானவை ஓய்விலேயே குணமாகிவிடும் என்பதால் அந்த வழக்கத்துக்கு நற்பெயர் நிலைத்துவிட்டது. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லியைக் கொடுத்துக் கண்ட பலனை லான்செட் இதழில் வெளியிட்டது உண்மை. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை என்பதும் உண்மை. எப்படியானாலும், அது கிருமிக் காமாலையைப் பற்றிய பேச்சு. குழாயில் கல் அடைத்து வரும் காமாலைக்கு எந்த இலையும் வழி திறக்காது. கண் மஞ்சளோடு மலம் வெளுத்துப் போவதும், சிறுநீர் கட்டன் தேநீரைப் போல் கறுப்பதும், உடம்பு அரிப்பதும், முன்பு மேல்வயிற்று வலி வந்திருப்பதும் அடைப்பின் அடையாளங்கள். அதனுடன் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் குழாயில் சீழ் பிடித்துவிட்டது என்று பொருள். அப்போது பத்தியத்தில் கழியும் ஒவ்வொரு நாளும் ஆபத்து. எண்டோஸ்கோப்பி வழியாகக் குழாய்க் கல்லை எடுக்கும் ஈ.ஆர்.சி.பி. சிகிச்சை அந்நிலையில் உடனடியாகத் தேவைப்படும்.

கல்லைக் கரைக்கும் மருந்தே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. முதலில் கரடியின் பித்தத்தில் கண்டறியப்பட்ட உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் இப்போது மாத்திரையாகக் கிடைக்கிறது. இயற்கையில் தோன்றிய பொருள் ஒன்று உண்மையிலேயே வேலை செய்கிறது என்பதற்கு அது சான்று. எவ்வளவு குறைவாக வேலை செய்கிறது என்பதற்கும் அதுவே சான்று. சுண்ணாம்பு படியாத கொலஸ்டிரால் கல்லாக இருக்க வேண்டும், சிறியதாக இருக்க வேண்டும், பை சுருங்கி விரியும் நிலையில் இருக்க வேண்டும், ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை தினமும் விழுங்க வேண்டும். அத்தனையும் பொருந்திக் கல் கரைந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் கல் திரும்பிவிடுகிறது. நிறமிக் கல்லை அது தொடுவதே இல்லை. மயக்க மருந்தைத் தாங்க முடியாத இதய நோயாளி போன்றவர்களுக்கு அதை யோசிக்கலாம். பல கற்கள் கொண்ட 47 வயதுக்காரருக்கு அது பொருந்தாது.

சித்தப்பாவுக்கு வருகிறேன். வலி தராத பித்தக் கல் கண்டறியப்பட்டவர்களில் 100-க்கு ஏறத்தாழ 80 பேர் வாழ்நாள் முழுவதும் தொந்தரவின்றியே இருந்துவிடுகிறார்கள். ஆகவே கல் தெரிந்தது என்பதற்காக மட்டும் பையை எடுக்கச் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. கல் 3 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, 10 மி.மீ. அளவை எட்டிய சதை வளர்ச்சி தெரிந்தாலோ, புற்றுநோய் வாய்ப்பைக் கருதி வலியில்லாவிட்டாலும் எடுக்கச் சொல்வார்கள். அவருக்கு அவை இல்லையென்றால் வலி, காய்ச்சல், காமாலை ஆகியவற்றின் அடையாளங்களைத் தெரிந்துகொண்டு தம் வேலையைப் பார்க்கட்டும். ஒரு முறை வலி வந்துவிட்டவரின் கணக்கு வேறு. அவர்களில் பெரும்பாலோருக்கு வலி திரும்ப வருகிறது. தாயாருக்கு ஏற்கெனவே இரு முறை வந்துவிட்டது.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கக் கூடாதா என்ற கேள்வி நூறாண்டுகளுக்கும் முந்தியது. கல் உருவாவதே அந்தப் பையில்தான், பையை விட்டுவைத்தால் கல் மீண்டும் வரும் என்று கருதியே பெர்லினில் கார்ல் லாங்கன்புக் 1882-இல் முதன்முதலாகப் பையையே அகற்றினார். 1985-இல் ஜெர்மனியில் எரிக் முயே அதைச் சிறு துளைகள் வழியாகச் செய்து காட்டினார். இந்தியாவில் 1990-இல் மும்பையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா தொடங்கினார். இன்று இது மாவட்டத் தலைநகரங்களிலேயே வழக்கமாக நடக்கும் அறுவை. முழு மயக்கம் கொடுத்து, வயிற்றில் கரியமில வாயுவை நிரப்பி, பொதுவாக நான்கு துளைகள் வழியாகப் பையைப் பிரித்து எடுப்பார்கள். ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். இரண்டு நாள் தோள்பட்டை வலிக்கும். அது வாயுவால் வருவது, அஞ்ச வேண்டாம்.

இதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மிகவும் அஞ்ச வேண்டியது பொதுப் பித்தக்குழாயில் காயம் படுவது. லேப்ராஸ்கோப்பி எனப்படும் இந்தத் துளைவழி அறுவையில் அது 1,000 பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நேர்கிறது, நேர்ந்தால் பெரிய மறு அறுவை தேவைப்படும். உள்ளே அழற்சியால் ஒட்டிப் போயிருந்தால் நடுவிலேயே வயிற்றைத் திறந்து செய்ய வேண்டி வரும். அதைத் தோல்வி என்று உறவினர்கள் நினைக்கிறார்கள், அது மருத்துவரின் நிதானம். இந்த ஆபத்துகள் யாவும் வீங்கிச் சீழ் பிடித்த பையில் கூடுதல், அமைதியாக இருக்கும் பையில் குறைவு. சுவர் தடிக்காத இந்த நிலையில் செய்துகொள்ளச் சொல்வதற்கு அதுவே முதன்மையான காரணம்.

பை போனால் செரிமானம் போய்விடும் என்பது வீண் அச்சம். கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருக்கும். சேர்த்துவைக்கும் இடம் மட்டும் இல்லாமல் நேராகக் குடலுக்கு வழிகிறது. சிலருக்குச் சில வாரங்கள் வயிறு இளகலாம், மிகச் சிலருக்கு அது நீடிக்கலாம். முதல் சில வாரங்கள் எண்ணெய்ப் பண்டங்களைக் குறைத்துப் பிறகு மீன் ஆணமும் தேங்காய்ப்பாலும் பழையபடி சாப்பிடலாம். ஆயுள் முழுவதும் பத்தியம் கிடையாது. ஆனால் தாயாரின் தொழிலைக் கணக்கில் கொள்ள வேண்டும். வீட்டு வேலைக்கு ஓரிரு வாரம் போதும் என்றால், மூச்சடக்கிக் கடலில் மூழ்குவதற்கும் ஈரப்பாசி மூட்டையைத் தூக்குவதற்கும் நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்திருக்க வேண்டும். அப்பா விசைப்படகுக்குப் போகிறவரானால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் ஆள் இருக்கும். அது அருகில் வந்தால் அதற்குள் நாள் குறிக்கலாம், பல மாதம் தள்ளியிருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

நாள் குறித்து அறுவை நடக்கும் வரை, வீட்டு வைத்தியத்துக்கு உரிய இடம் உணவில்தான் இருக்கிறது. பொரித்ததும், ஆட்டுக் கொழுப்பும், பிரியாணியும், தொதல் போன்ற நெய்ப் பண்டங்களும் வேண்டாம். வேக வைத்த மீனும் இட்லியும் இடியாப்பமும் காய்களும் போதும். விடியலில் வெறும் வயிற்றோடு தண்ணீரில் இறங்கி மாலை வரை பட்டினி கிடப்பதும் கூடாது, ஏனென்றால் சாப்பிடாத நேரமெல்லாம் பித்தநீர் தேங்குகிறது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்தில் இதே நிலையில் இருப்பவர்கள் ரமலான் நோன்புக்கு முன் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். நோன்பு வைப்பவர்களுக்குப் பெரும்பாலும் வலி தொடங்குவது நோன்பு திறந்ததும் உண்ணும் வடை, சமோசாவில்தான்.

இன்னொன்று: வலி வரும்போது அதுவும் பித்தக் கல்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மாரடைப்பும் நெஞ்சுக்குழி வலியாக வரும். வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். வலி ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் நின்றாலும், காய்ச்சலோ நடுக்கமோ கண்டாலும், கண் மஞ்சளித்தாலும், வாந்தி நிற்காமல் முதுகு வரை வலி பாய்ந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்; அங்கிருந்து மதுரைக்கு அனுப்ப நேர்ந்தால் இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, ஆகவே கிளம்பும் நேரத்தில் செய்யும் தாமதம் இரட்டிப்பாகிவிடும்.

செலவைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனையில் இந்த அறுவையைச் செய்துகொள்வதானால் செலவுக் கவலையை விடுங்கள். தனியாரிடம் போவதானால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருக்கிறதா, அந்த மருத்துவமனை இந்த அறுவைக்குத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதை அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் சேரும் முன்பே கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் சிக்கல். லேப்ராஸ்கோப்பியை வழக்கமாகச் செய்கிறவரா, வயிற்றைத் திறக்க நேர்ந்தால் அதற்கும் ஆயத்தமாக இருக்கிறாரா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். ஸ்கேன் அறிக்கையும் கல்லீரல் இரத்தப் பரிசோதனையும் கையில் இருக்கட்டும். அறுவை முடிந்ததும் கற்களை ஒரு டப்பாவில் போட்டுக் காட்டுவார்கள், வீட்டில் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். ஆனால் எடுத்த பையை, அதில் புற்று உண்டா என்று பார்க்கும் நோய்க்கூறு ஆய்வுக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, பத்து நாள் கழித்து அந்த அறிக்கையை நீங்களே போய் வாங்கி மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.